மனதுக்குள் ஆடினாலும் நேரம் எடுக்கும்

(மட்டக்களப்பு கல்லடியில் கூத்துக் கலைஞர்களுக்கும் அவர்களைப் பழக்கும் அண்ணாவிமாருக்கும் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அண்ணாவிமாரே, ஆட்டக்காரத் தம்பி தங்கைமாரே, வணக்கம்.

எல்லோரும் கண்ணை மூடுங்கள். இந்த மண்டப வாசலில் நிற்கிறீர்கள். அங்கிருந்து மேடைவரை உங்கள் வழமையான வேகத்தில் மனதுக்குள் நடந்து வாருங்கள். வந்து சேர்ந்ததும் கையைத் தூக்குங்கள்.

சரி, கண்ணைத் திறக்கலாம். ஒருவரும் உடனே கை தூக்கவில்லை, கவனித்தீர்களா? கொழும்பை நினைத்தால் மனம் அடுத்த கணமே அங்கே நிற்கும். ஆனால் நடந்து போ என்றால் மனமும் ஒவ்வொரு அடியாகத்தான் வைக்கிறது.

பிரான்சில் டெசெட்டி, ஜோன்னரோ முதலிய ஆய்வாளர்கள் இதை அளந்து 1989இல் வெளியிட்டார்கள். 5, 10, 15 மீட்டர் தூரத்தில் இலக்குகள். அதைப் பார்க்கவிட்டு, பிறகு கண்ணைக் கட்டிவிட்டார்கள். நிஜமாக நடந்த நேரமும், நின்ற இடத்திலேயே நடப்பதாக நினைத்த நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளில் பல, அசைவைக் கற்பனை செய்யும்போதும் வேலை செய்கின்றன. தசைக்குப் போகவேண்டிய கட்டளை மட்டும் தடுக்கப்படுகிறது. பார்க்கின்சன் நோயால் ஒரு பக்கக் கை மெதுவானவர்களுக்கு, அந்தக் கையின் அசைவு கற்பனையிலும் மெதுவாகவே நடக்கிறது. எனக்கு இதைவிடப் பலமான சான்று வேண்டியதில்லை.

நம்மவர்களுக்கு முக்கியமானது அடுத்த சோதனை. முதுகில் 25 கிலோ பாரத்தை ஏற்றினார்கள். நிஜ நடைக்கு அதே நேரம்தான் எடுத்தது, ஏனென்றால் உடல் கூடுதல் பலம் கொடுத்துச் சமாளித்துவிட்டது. மனநடையோ சுமார் 30 வீதம் நீண்டுவிட்டது! கால் நிஜமாக அசையாதபோது, கூடுதல் பலத்தை மூளை கூடுதல் நேரமாக எடுத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

வடமோடிக் கூத்தில் பாரமான கரப்புடுப்பும் முடியும் தரித்து அரசனாக வருகிறவர் இதை யோசிக்க வேண்டும். உடுப்போடு ஆடுவதாக மனதில் ஓட்டிப் பார்க்கும்போது தாளம் இழுபட்டால், நமக்கு வேகம் போதாது என்று பயந்துவிடாதீர்கள். களரியில், அதாவது ஆடுகளத்தில், கால் சரியாகவே விழக்கூடும். மாறாக, உடுப்பில்லாமல் நினைத்த வரவாட்டம், அதாவது பாத்திரம் களரிக்கு வரும்போது ஆடும் ஆட்டம், நிஜத்தைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டால் அங்கே சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு திருப்பத்தை மனம் தாண்டியிருக்கும். மத்தளச் சத்தம் இல்லாமல் போனில் ஸ்டொப்வாட்ச் வைத்து, நினைத்த ஆட்டம், நிஜ ஆட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். இன்னொன்று, தூர இருந்து உங்களை நீங்களே பார்ப்பதுபோல் நினைக்காதீர்கள். உள்ளங்காலில் மண் படவேண்டும், தோளில் பாரம் தெரியவேண்டும்.

மனப்பயிற்சி உடற்பயிற்சிக்கு ஈடாகாது, துணையாக நிற்கும். அதனால் அண்ணாவிமாரிடம் ஒரு வேண்டுகோள்: கால் சுளுக்கிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். களரி ஓரத்தில் இருத்துங்கள். மற்றவர்கள் ஆடும்போது அந்தப் பிள்ளையும் தன் பங்கை, தாளம் தீரும்வரை, மனதுக்குள் முழுசாக ஆடட்டும்.