வீட்டுக்கு வீடு வரி போட்ட கூத்து

(செய்யாறு வட்டாரத்து ஊர் ஒன்றில், பாரத விழாவுக்காகக் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, உட்கார இடமிருந்தும் வேப்பமரத்தடியில் நின்றபடியே கேட்கும் தம்பிகளே!

"பாரத விழாவில் தெருக்கூத்தை விட்டுவிட்டுத் தீமிதியை மட்டும் நடத்தலாம், செலவு குறையும்" என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. சொன்னவர் மீது எனக்குக் கோபமில்லை. கணக்குப் பார்க்க ஊருக்கு ஓர் ஆள் வேண்டும். நானும் கணக்கோடுதான் வந்திருக்கிறேன்.

நம் அப்பாக்கள் காலத்தில் கூத்துக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு வரி, உண்டு. பணமில்லாதவர் நெல் அளந்தார். நெல்லும் இல்லாதவர் பந்தலுக்குக் கீற்று முடைந்தார். ஏரி வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் போன குடிமராமத்து மாதிரிதான் இதுவும்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் முழுச் செலவையும் ஒருவரே ஏற்றார். தாராள மனம்தான். பேனரில் அம்மனைவிட அவர் படம் பெரிதாக இருந்தது, அது போகட்டும். நள்ளிரவு தாண்டி, திரைக்குப் பின்னால் நின்று துச்சாதனன் விருத்தம் எடுக்கிறான்; "சீக்கிரம் முடியுங்கள்" என்று அவரிடமிருந்து ஆள் வந்தது. கூத்து வாத்தியார் முகவீணை ஊதுகிறவரைப் பார்த்தார், அவர் மிருதங்கக்காரரைப் பார்த்தார். துகிலுரிதல் பத்தே நிமிடத்தில் முடிந்தது. விடியும்வரை இருக்க வந்த பாட்டிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? அவர்கள் வீட்டுக் காசு அதில் பத்து ரூபாய்கூட இல்லையே!

ஆடுகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் சுமந்துகொண்டு, அரிதாரம் வியர்வையில் வழிய, விடியவிடியக் கிறுகி ஆட வேண்டும். விழாக் காலம் முடிந்தால் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், பலருக்குக் கூலி வேலைதான். நம்மைப் போன்ற ஊர்கள் தாம்பூலம் வைத்துக் கூத்துக்கு அழைக்காவிட்டால், தன் பிள்ளைக்கு அடவு சொல்லிக்கொடுக்க எந்த வாத்தியாருக்கு மனம் வரும்?

தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை நமக்குத் தொலைவில்லை. அந்த ஊர்க் கண்ணப்பத் தம்பிரானிடம் சென்னை நாடகக்காரர்கள் கூத்துக் கற்றார்கள். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய நாடகக் குழுவின் பெயரே கூத்துப்பட்டறை. பட்டணம் நம்மைத் தேடி வந்ததில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அரங்கத்துக்குள், துரியோதனன் விழும் படுகளத்தை எப்படிக் கொண்டுபோவது? மண்ணால் செய்த துரியோதனன் வெட்டவெளியில் மல்லாந்து கிடக்க, பாஞ்சாலி கூந்தலை முடிந்ததும், அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொள்ள நம் பெண்கள் முண்டியடிக்கிறார்களே, அதற்கு ஊர் வேண்டும்.

மைக்செட்டைக் குறையுங்கள், சீரியல் விளக்கைக் குறையுங்கள், என் பெயரில் மாலை மரியாதை எதுவும் வேண்டாம். வரி நோட்டுக் கோயில் திண்ணையில் இருக்கிறது. பெரிய தொகை தர நினைப்பவர்கள் கடைசியில் எழுதுங்கள். முதல் பக்கம் கீற்று முடைகிறவர்களுக்கு.