குளிர் தாங்காதவருக்கு ஒரு பழஞ்சொல்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, நாட்டிங்ஹாம் பக்கம் ஒரு வீட்டில் அக்டோபர் மாதமே ஹீட்டரைப் போடச் சொல்லிப் பாருங்கள். "நெஷ்!" என்று பெரியவர்கள் செல்லமாகக் கடிந்துகொள்வார்கள். சின்னக் குளிருக்கே நடுங்குகிற பூஞ்சை உடம்பு என்று அர்த்தம். தெற்கே லண்டனில் பலருக்கு இந்தச் சொல் புரியாது.

ஆனால் இதற்கு வயது ஆயிரத்துக்கு மேல். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்னெஷெ' என்றால் மென்மையானது. மத்தேயு நற்செய்தியில், மெல்லிய ஆடை உடுத்தியவனையா பார்க்கப் போனீர்கள் என்று இயேசு கேட்பார் அல்லவா? பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த 'மெல்லிய' என்ற இடத்தில் நிற்பது இந்தச் சொல்தான். ஆங்கிலத்துக்கு உறவான பழைய மொழி கோதிக்; அதன் 4ஆம் நூற்றாண்டு பைபிளிலும் அதே இடத்தில் இதன் உறவுச்சொல் இருக்கிறது.

பின்னால் 'சாஃப்ட்' வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏட்டு ஆங்கிலம் நெஷ்ஷைக் கைவிட்டது. வயலிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் பாடுபட்டவர்கள் கைவிடவில்லை. ஈரத்திலும் குளிரிலும் நின்று உழைத்தவர்களிடம் மென்மை ஒரு குறையாகிப் போனதில் வியப்பில்லை என்பது என் எண்ணம். 'நெஷ்' அவர்களிடம் வினைச்சொல்லாகவும் இருந்தது: துணிவிழந்து பின்வாங்குவது.

இப்படிப்பட்ட சொற்களைத் தொகுத்த ஜோசப் ரைட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1855இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டினார். கல்லுடைப்பவர்களின் உளிகளைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தீட்டிக்கொண்டு வருவது வேலை. அடுத்து சால்டேர் நூற்பாலை. நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றி வெறுங்கண்டுகளை மாட்ட வேண்டும். பதினைந்து வயது வரை எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தப் பிள்ளைதான் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் டாக்டர் பட்டம் வாங்கி, ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானார். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனுக்கு ஆசிரியரும் அவரே.

அவருடைய ஆங்கில வட்டார வழக்கு அகராதி 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. நெஷ் அதில் இருக்கிறது. எந்தெந்த மாவட்டத்தில் எப்படிப் புழங்கியது என்ற விவரத்தோடு. படித்து முன்னேறியவர்கள் ஊர்ப்பேச்சை உதறிவிடுவதே வழக்கமாக இருந்த காலம் அது. ரைட்டோ தம் சொந்த ஊரான விண்ட்ஹில்லின் பேச்சுக்கே 1892இல் தனி இலக்கணம் எழுதினார். எனக்கு அவர்மேல் தீராத மரியாதை ஏற்பட்டது அதனால்தான்.

இன்று அந்தச் சுரங்கங்கள் மூடிக் கிடக்கின்றன. ஜனவரிக் குளிரில் கால்பந்து பார்க்கப் போகிறவர் இரண்டு கோட்டு மாட்டிக்கொண்டால், பக்கத்தில் இருப்பவர் இன்னும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்.

நன்றி, வணக்கம்.