மனதைக் கேட்டால் மனம் உண்மையைச் சொல்லுமா? உளவியல் ஓர் அறிமுகம்

[திரையில்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகப்படங்கள்]

உங்கள் எதிரே இரண்டு புகைப்படங்கள். எந்த முகம் அழகு என்று ஒருவர் கேட்கிறார். இடப்பக்கம் இருப்பதைக் காட்டுகிறீர்கள். படத்தை உங்கள் கையில் கொடுத்து, "இவரை ஏன் பிடித்தது?" என்கிறார். நீங்களும் காரணம் சொல்கிறீர்கள்.

ஆனால், கையில் இருப்பது நீங்கள் காட்டிய படம் இல்லை. சீட்டு வித்தை காட்டுபவர் போல, கண்ணெதிரே மாற்றிவிட்டார்.

ஸ்வீடனைச் சேர்ந்த பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் 2005இல் வெளியிட்ட சோதனை இது. படம் மாறியதைப் பெரும்பாலான தடவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதைவிட வேடிக்கை, அவர்கள் சொன்ன காரணங்கள். ஒருவர் தனக்குக் காதணி பிடிக்கும் என்றார். அவர் முதலில் காட்டிய முகத்தில் காதணியே கிடையாது!

அவர் பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். சிக்கலே அதுதான்.

[திரையில்: தலைப்பு]

உளவியல் என்பது மனதையும் நடத்தையையும் அறிவியல் முறையில் ஆராயும் துறை. பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும். மனம் உள்ளே இருப்பது, யாராலும் பார்க்க முடியாது. நடத்தை வெளியே தெரிவது, எண்ணலாம், அளக்கலாம். வெளியே தெரிவதை வைத்து உள்ளே நடப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தத் துறையின் பாதி வரலாறு அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியதுதான். (உளவியல் படிப்பவரிடம், "நான் இப்போது என்ன நினைக்கிறேன், சொல்லுங்கள்" என்று கேட்பவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது வேறு தொழில்.)

[திரையில்: கடிகாரம்]

நெதர்லாந்தில் டோண்டர்ஸ் என்று ஒரு கண் மருத்துவர். 1868இல் அவர் ஓர் எளிய வழி கண்டுபிடித்தார். காலில் லேசாக மின்சாரம் பட்டதும் கையை அசைக்க வேண்டும். முதலில், எந்தக் காலில் படும் என்று முன்பே சொல்லிவிடுவார். அடுத்து, சொல்லமாட்டார். இடக்காலில் பட்டால் இடக்கை, வலக்காலில் பட்டால் வலக்கை. இரண்டாவது வகைக்குச் சுமார் 1/15 நொடி கூடுதலாக ஆனது. அந்த வித்தியாசம்தான் 'எந்தக் கை' என்று தீர்மானிக்கப் பிடித்த நேரம் என்றார் அவர். வெறும் கழித்தல் கணக்கு. ஆனாலும் ஓர் எண்ணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருவர் அளந்துவிட்டார்.

1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் தொடங்கினார். உளவியல் தனித் துறையாகப் பிறந்த ஆண்டு என்று வழக்கமாகச் சொல்வது இதைத்தான். அங்கே கடிகாரத்தோடு இன்னொரு முறையும் இருந்தது: அகநோக்கு. பயிற்சி பெற்றவர்கள் தங்கள் மனதில் அந்த நொடி நடப்பதைக் கவனித்துச் சொல்வார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம்தான் சண்டை வந்தது. மனதில் எந்தப் பிம்பமும் (மனக்கண்ணில் தெரியும் படம்) இல்லாமலே எண்ணம் தோன்றுகிறது என்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் சொன்னார்கள். அப்படி எதுவும் கிடையாது, சரியாகக் கவனித்தால் பிம்பம் தெரியும் என்றார் அமெரிக்காவில் இருந்த உளவியலாளர் டிட்ச்னர். யார் சொல்வது சரி? ஒருவர் மனதுக்குள் இன்னொருவர் எட்டிப்பார்க்க முடியாதே! வெறுத்துப்போன அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன், உளவியலில் நடத்தை மட்டும் போதும், அகநோக்கு வேண்டவே வேண்டாம் என்று 1913இல் எழுதினார். கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் அவருடைய எரிச்சல் நியாயமானது.

[திரையில்: கரும்பலகை முன்னால் ஒரு குதிரை]

சோதனையை எவ்வளவு கவனமாக அமைக்க வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை ஹான்ஸ். பெர்லினில் இருந்த குதிரை. கணக்குக் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டும். உரிமையாளர் ஏமாற்றுப் பேர்வழி இல்லை. அவர் இல்லாதபோதும் வேறு ஆட்களுக்கு அது சரியாகவே விடை சொன்னது.

ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். குதிரை தடுமாறிவிட்டது. உண்மையில் ஹான்ஸ் கணக்குப் போடவில்லை, ஆளைப் படித்தது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை இம்மியளவு அசையும், குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். அசைத்தவருக்கு அது தெரியவே தெரியாது. சோதனை நடத்துபவருக்கும் விடை தெரியாமல் வைத்துக்கொள்வது நல்லது என்று இன்றும் சொல்லிக்கொடுக்கும்போது இந்தக் குதிரை தவறாமல் வந்துவிடும்.

[திரையில்: கண்ணாடியில் தெரியும் நட்சத்திரப் படம்]

சரி, வாய் சொல்லாததை நடத்தை சொல்லுமா? சொல்லும். ஹென்றி மொலைசனுக்கு வலிப்பு நோய். 1953இல் அறுவை சிகிச்சை செய்து, மூளையின் இரு பக்கமும் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பாலானதை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரத்தின் மேல் கோடு வரைய வேண்டும். முதல் நாள் கை கோணல்மாணலாகப் போனது. மூன்றாம் நாள் நன்றாகவே வந்துவிட்டது. ஆனால் இதை முன்பு செய்த ஞாபகம் அவருக்கு இல்லை. அவருக்குத் தெரியாததை அவர் கை கற்றுக்கொண்டிருந்தது. நினைவு என்பது ஒன்றல்ல, பல வகை என்பதற்கு வலுவான சான்று இப்படித்தான் கிடைத்தது.

இந்தத் துறை தன்னையும் சோதித்துப் பார்த்திருக்கிறது. வெளியான 100 ஆய்வுகளை ஆராய்ச்சியாளர்கள் திரும்பச் செய்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி தேறும் முடிவு (தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாதது) மீண்டும் கிடைத்தது. தலைகுனிவுதான். ஆனால் அதை வெளியே கொண்டுவந்தவர்களும் உளவியலாளர்களே. முடிவைப் பார்த்துவிட்டுத் திட்டத்தை மாற்றிக்கொள்ளாமல் இருக்க, இப்போது பலர் சோதனைக்கு முன்பே அதை எழுதிப் பதிவு செய்துவிடுகிறார்கள்.

[திரையில்: இரண்டு ஸ்கேல்கள்]

டோண்டர்ஸின் கணக்கை நீங்களும் போடலாம். நண்பர் ஒரு 30 செ.மீ. ஸ்கேலைத் தொங்கவிட்டுப் பிடிக்கட்டும். 0 இருக்கும் அடிமுனையில் உங்கள் விரல்கள் தொடாமல் தயாராக இருக்கட்டும். அவர் விட்டதும் பிடியுங்கள். ஸ்கேல் விழுந்த தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடலாம்: 20 செ.மீ. கோட்டில் பிடித்தால் சுமார் 0.20 நொடி. பிறகு இரண்டு கைக்கும் கைக்கொரு ஸ்கேல். எது விழுகிறதோ அதை மட்டும் பிடிக்க வேண்டும். இப்போது 28 செ.மீ. என்றால் சுமார் 0.24 நொடி. கழித்துப் பாருங்கள். ஒரு தடவையோடு விடாமல், இரண்டையும் பத்துப் பத்துத் தடவை செய்து சராசரி எடுங்கள். கண் ஸ்கேலின் மேல் இருக்கட்டும். நண்பரின் விரலைப் பார்த்தால் நீங்களும் ஹான்ஸ் ஆகிவிடுவீர்கள்.