தையல் போட்ட இடத்தைத் தினமும் பாருங்கள்

வணக்கம். சிறுநீரக மாற்று வார்டில் 26 வருடம் நர்சாக இருந்தவள் நான். ஆபரேஷன் முடிந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: கிரியேட்டினின் எவ்வளவு இறங்கியது? கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு அது, இறங்கினால் கிட்னி வேலை செய்கிறது என்று அர்த்தம். தையல் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அந்தத் தையலைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உங்கள் கையை வலது அடிவயிற்றில் வைத்துப் பாருங்கள். இடுப்பெலும்பு தட்டுப்படுகிறதா? பெரும்பாலும் அதற்குச் சற்று உள்ளேதான் புதுக் கிட்னியை வைப்பார்கள். பழைய இரண்டும் முதுகுப் பக்கம் அப்படியே இருக்கும். வெட்டு ஏறக்குறைய ஒரு சாண். வேட்டிக் கட்டு, பாவாடை நாடா, அரைஞாண் கயிறு எல்லாம் உரசுகிற இடம். தொப்பை இருந்தால் மடிப்பில் வியர்வையும் தேங்கும். உடல் பருத்தவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் தையல் பிரிவதும் சீழ் வைப்பதும் அதிகம். புகை பிடிப்பவர்களுக்கும் அப்படித்தான்.

1954-ல் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் முர்ரே முதன்முதலில் வெற்றிகரமாகக் கிட்னி மாற்றியது ஒரே மாதிரி இரட்டையர்களுக்கு இடையில். ஒருவர் உடம்பு மற்றவர் கிட்னியை அன்னியமாக நினைக்காது, அதனால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து தேவைப்படவில்லை. மற்றவர்களுக்கு அந்த மருந்து இல்லாமல் கிட்னி நிலைக்காது. ஆனால் அந்த மருந்துகளில் ஒன்றான ஸ்டெராய்டு புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். சிரோலிமஸ் என்று ஒன்று, ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த கிருமியிலிருந்து வந்தது. செல்கள் பெருகுவதையே அது தடுக்கும். புண் மூடப் புதுச் செல்கள் வேண்டுமே! அதனால்தான் புண் ஆறும்வரை பல டாக்டர்கள் அதைத் தொடங்குவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த மருந்துகள் காய்ச்சலையும் சிவப்பையும் அமுக்கிவிடும். உள்ளே சீழ் இருந்தும் நெற்றி குளிர்ந்தே இருக்கலாம். அதனால் கைக்கண்ணாடியைப் பிடித்துத் தினமும் தையலைப் பாருங்கள்.

ஒரு விவசாயி. வீட்டுக்குப் போன பிறகு பரிசோதனைக்கு வந்தார். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. "நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், தினமும் வேட்டி ஓரம் நனைஞ்சிருக்கு. வேர்வைன்னு சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பல" என்று பையைத் திறந்தார். துவைக்காத வேட்டி, பாலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்தார்! தையலை மெல்ல அழுத்திப் பார்த்தேன், ஓர் ஓரத்தில் நீர் துளிர்த்தது. அதை எடுத்து அதிலும் கிரியேட்டினின் பார்த்தார்கள். நிணநீராக, அதாவது திசுக்களிலிருந்து வடிந்து ஓடும் தெளிந்த நீராக, இருந்தால் ரத்தத்தில் உள்ள அளவுதான் இருக்கும். சிறுநீராக இருந்தால் பல மடங்கு. பல மடங்கு இருந்தது. புதுச் சிறுநீர்க் குழாயைச் சிறுநீர்ப்பையோடு இணைத்த இடம் கசிந்திருக்கிறது. மறுநாளே திறந்து சரிசெய்தார்கள். ரத்தப் பரிசோதனை கிட்னியில்தான் கோளாறோ என்று சந்தேகப்பட வைத்தது, வழி காட்டியது அந்த வேட்டி. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

எல்லாக் கசிவும் இப்படி இல்லை. நிணநீர் உள்ளேயே தேங்கிக் கட்டியாவதும் உண்டு, சில வாரம் கழித்துக்கூட வரும். கிட்னி வைத்த பக்கத்துக் கால் மட்டும் வீங்கினால் அதை நினைத்துப் பாருங்கள். ஸ்கேனில் தெரிந்துவிடும். சின்னதாக இருந்தால் தானே வற்றும், பெரிதென்றால் வடிக்க வேண்டும். மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய் எதையும் தையல்மேல் தடவாதீர்கள். நனைந்த துணியைத் துவைத்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் குடலிறக்கம், தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்குவது. நேரம் ஆகிவிட்டதாகக் கைகாட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மேல்தோல் மூடினாலும் உள்ளே தசை சேர மாதக் கணக்காகும். டாக்டர் சொல்லும்வரை தண்ணீர்க் குடத்தையும் சிலிண்டரையும் தூக்க வேண்டாம். இருமல் வந்தால் தலையணையைத் தையல்மேல் அணைத்துக்கொண்டு இருமுங்கள். தழும்பு ஓரம் புடைத்தால் உடனே காட்டுங்கள். வணக்கம்.