எம்டனுக்கு நாலாவது புகைபோக்கி வைத்தாயிற்று!

வணக்கம் மக்களே. குரல் கரகரக்கிறதா? ராத்திரி இரண்டு மணி வரை பசையோடு மல்லுக்கட்டினேன். போன மாதம் பெட்டி பிரித்தோமே, அந்த எம்டன் கப்பல் மாடல் முடிந்தது. முதல் உலகப்போரில் சண்டை போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் அது. விலை 2,350 ரூபாய். கூரியருக்கு 180 தனி. அந்த 180-ஐ நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பெட்டியில் மூன்று புகைபோக்கிதான் இருந்தது. கடைக்காரர் மேல் தப்பில்லை, நிஜக் கப்பலுக்கும் மூன்றுதான். ஆனால் கேப்டன் கார்ல் ஃபான் மியுல்லர் துணியில் நாலாவது ஒன்றைக் கட்டவைத்து, பிரிட்டிஷ் யார்மத் கப்பல் மாதிரி வேஷம் போட்டார். அது இல்லாத எம்டன் எனக்கு வேண்டவே வேண்டாம். அம்மாவின் ரவிக்கை லைனிங் துணி, ஊதுபத்திக் குச்சி நான்கு. ஐந்தாவது முயற்சியில்தான் நின்றது. இதோ பாருங்கள், இதோ!

எல்லோரும் மெட்ராஸ் கதையையே சொல்கிறார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சர்ச்லைட் அடித்து, சுமார் 125 குண்டு போட்டு, பர்மா ஆயில் டாங்குகளைக் கொளுத்தியது. சரி. எனக்கு பினாங்குதான் பிடிக்கும். அக்டோபர் 28 விடிவதற்குள் நாலு புகைபோக்கியோடு துறைமுகத்துக்குள் நுழைந்து, ஜெர்மன் கொடியை ஏற்றி, ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை டார்பிடோவால் அடித்தது. அந்தக் கப்பலின் கேப்டன் ராத்திரி கரையில் தங்கிவிட்டார், தெரியுமா! வெளியே வரும்போது மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது.

ஆ, சொல்ல மறந்துவிட்டேன். முதலில் அந்தத் துணியைத் தட்டையாகத்தான் கட்டினார்கள். பக்கவாட்டில் சரி, எதிரே வந்து பார்த்தால் பலகை மாதிரி. பிறகுதான் உருட்டிக் கட்டினார்கள். என் முதல் நாலு முயற்சியும் அந்தப் பலகை ரகம்தான்.

நவம்பர் 9, கோகோஸ் தீவு. கம்பியில்லாத் தந்தி நிலையத்தை உடைக்க 50 பேரைக் கரைக்கு அனுப்பினார் மியுல்லர். நிலையத்து ஆட்கள் புகைபோக்கி போலி என்று கண்டுபிடித்து, உடைப்பதற்குள் செய்தி தட்டிவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. அதில் 152 மில்லிமீட்டர் பீரங்கிகள், எம்டனிடம் 105. அப்புறம் என்ன? அடி வாங்கிய கப்பலைப் பவளப்பாறையில் தானே கொண்டுபோய் ஏற்றினார் மியுல்லர்.

என்னுடையதும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. நிமிர்த்தமாட்டேன், கமெண்டில் சொல்லாதீர்கள்.