சாம்பல் அள்ள ஓடியவர்கள்

நண்பர்களே, வணக்கம். பழைய யூதச் சடங்கு விதிகளில் இன்றைய வாழ்க்கைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்கிறேன்: சாம்பல் அள்ளும் விதி.

கி.பி. 70இல் இடிக்கப்பட்ட எருசலேம் ஆலயத்துப் பலிபீடத்தில் நெருப்பு அணையவே கூடாது என்பது விதி. அதனால் அன்றாட வேலையே முந்தைய நாள் சாம்பலில்தான் தொடங்கியது. ஆசாரியர், அதாவது ஆலயப் பூசாரி, சணல்நூல் அங்கி அணிந்து சாம்பலை அள்ளிப் பீடத்தின் அருகே வைக்க வேண்டும்; அப்புறம் வேறு உடை உடுத்திப் பாளயத்துக்கு (முகாமுக்கு) வெளியே கொண்டுபோக வேண்டும் என்கிறது விவிலியத்தின் லேவியராகமம் 6ஆம் அதிகாரம். உடை எதற்கு மாற்ற வேண்டும்? எசமானுக்குச் சமையல் செய்த உடையோடு அவருக்குப் பானம் கலந்து நீட்டலாமா என்று கேட்கிறார் 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி.

விறகடுப்பு எரிந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சாம்பல் அள்ள யாரும் போட்டி போடுவதில்லை. ஆலயத்தில் போட்டார்கள். பீடத்துக்கு ஏறும் சாய்தளம் 32 முழம். விருப்பமுள்ளவர்கள் அதில் ஓடுவார்கள்; உச்சியில் நாலு முழ எல்லைக்குள் முதலில் நுழைபவருக்கு அன்றைய வேலை. முதலில் சீட்டு முறை கிடையாது. தூக்கத்தை விட்டு எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்!

ஒருநாள் இருவர் சமமாக ஓடினார்கள். ஒருவர் தள்ள, மற்றவருக்குக் கால் முறிந்தது. உடனே நீதிமன்றம் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. இது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு சொல்வது. அதை விரித்துப் பேசும் தல்மூது என்ற நூல் இன்னொரு சம்பவத்தையும் வைத்திருக்கிறது. அதிலும் இருவர் ஓடுகிறார்கள். ஒருவர் மற்றவரின் நெஞ்சில் கத்தியை இறக்கிவிடுகிறார். கூட்டம் கதறி அழுகிறது. குத்துப்பட்டவரின் தகப்பன் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்: மகனின் உடல் இன்னும் துடிக்கிறது, உயிர் போகவில்லை, ஆகவே பிணம் பட்ட தீட்டு கத்திக்கு இல்லை. ரத்தம் சிந்தியதைவிடப் பாத்திரத்தின் தூய்மை அவர்களுக்குப் பெரிதாகிவிட்டது என்று அந்த நூலே கசந்துகொள்கிறது. தங்கள் ஆலயத்தைப் பற்றித் தாங்களே இப்படி எழுதிவைத்தார்கள் பாருங்கள், அதற்காகவே எனக்கு அந்த நூலைப் பிடிக்கும்.

சரி, இரண்டில் எது முதலில் நடந்தது? கொலைதான் என்று முடிவுக்கு வருகிறார்கள் தல்மூது அறிஞர்கள். அப்படியானால் கொலை நடந்தும் ஓட்டத்தை நிறுத்தவில்லையா? நிறுத்தவில்லை. எப்போதோ நேர்ந்துவிட்ட ஒன்று என்று விட்டுவிட்டார்கள். சாதாரணமாக ஓடினாலே கால் முறிகிறது என்று கண்ட பிறகுதான் தவறு ஓட்டத்திலேயே இருக்கிறது என்று புரிந்தது.

நாமும் இதைத்தானே செய்கிறோம்? பத்து நிமிடத்தில் பொருள் வந்து சேர வேண்டும் என்கிறோம். பைக்கில் வந்த பையன் விழுந்தால், “பார்த்து ஓட்ட வேண்டாமா?” என்று அவனையே திட்டுகிறோம். பத்து நிமிடக் கணக்கைக் கேள்வி கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

சீட்டு என்றதும் ஓலைத்துண்டை நினைக்காதீர்கள். எல்லோரும் வட்டமாக நின்று விரல் நீட்டுவார்கள். ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு விரல்களை எண்ணிக்கொண்டே போவார்கள்; அந்த எண் யாருடைய விரலில் முடிகிறதோ அவருக்கு வேலை. கட்டைவிரலை நீட்டக்கூடாது, ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்களாம்! ஆசாரியர்களைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

வேலை கிடைத்தவர் விளக்கில்லாமல் தனியாகப் போவார். பீடத்து நெருப்புதான் வெளிச்சம். அவர் போவது மற்றவர்கள் கண்ணில் படாது. கைகால் கழுவும் தொட்டிக்குப் பென் காத்தீன் என்பவர் செய்துவைத்த மரச்சக்கரம் சுழலும் சத்தம் வரும். “நேரம் வந்துவிட்டது” என்பார்கள். அவர் வெள்ளிக் கரண்டியில் உள்ளே வெந்து தணிந்த சாம்பலை அள்ளி இறங்குவதைப் பார்த்ததும் எல்லோரும் ஓடிவருவார்கள். ஆமாம், அப்போதும் ஓட்டம்தான். வந்து கைகால் கழுவி, மண்வாரியும் முட்கரண்டியும் எடுத்துக்கொண்டு, மிச்சச் சாம்பலைச் சேர்ந்து அள்ள மேலே ஏறுவார்கள்.