நான்கு வாரம் பொறுக்க வேண்டிய மாத்திரை

விழாத் தலைவர் அவர்களே, கையில் மணியோடு எனக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கும் வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, வேலை நாளிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மாடியைத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, போன வருடம் இதே மேடையில் சர்க்கரை நோய் பற்றிப் பேசி என் வீட்டில் ஜிலேபியை நிறுத்திய டாக்டர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை ஈரிழைத் துண்டு போதும்.

நான் டாக்டர் இல்லை. 31 வருடம் அரசு ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றவன். மூன்று விஷயம் சொல்ல வந்தேன். மனச்சோர்வு மாத்திரை மூளையில் என்ன செய்கிறது, பதற்றத்துக்கான மாத்திரை என்ன செய்கிறது, பேச்சு சிகிச்சை என்ன செய்கிறது. மூன்றுக்கும் பழமொழி ஒன்றுதான்: பதறாத காரியம் சிதறாது.

இந்த மாத்திரைகளின் கதை காசநோயில் தொடங்குகிறது. 1952இல் நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் சீ வியூ மருத்துவமனை. காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்தே கிடந்தவர்கள் எழுந்து சிரித்தார்கள், வார்டில் ஆடினார்கள். நுரையீரலுக்குக் கொடுத்தது மனதைத் தொட்டுவிட்டது. அதே காலத்தில் நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரிசர்பின் ரத்தக் கொதிப்புக்குப் பயன்பட்டது. அதைச் சாப்பிட்ட சிலர் சோர்ந்து போனதாகச் சொன்னார்கள். ரிசர்பின் மூளையில் நரம்புகளுக்கிடையே சேதி சொல்லும் செரடோனின் போன்ற ரசாயனங்களின் இருப்பைக் கரைக்கிறது, இப்ரோனியாசிட் அவை அழியாமல் காக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் 'இதில் ஏதோ இருக்கிறது' என்று விஞ்ஞானிகளுக்குப் பட்டது.

ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. செரடோனின் அதைத் தாண்டிப் போய்ச் சேதி சொல்லும். சொன்னதும், அனுப்பிய அணுவே அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கென்று வாசல் உண்டு. ஃப்ளூஆக்ஸெடின், எஸ்சிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் அந்த வாசலில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அவை செரடோனினைக் கொண்டுபோய் ஊற்றுவதில்லை. இருப்பதைச் சீக்கிரம் வீடு திரும்ப விடுவதில்லை, அவ்வளவுதான்.

வாசல் சில மணி நேரத்திலேயே அடைபட்டுவிடும். மனம் தெளியவோ 2 முதல் 6 வாரம் ஆகும். ஏன்? செரடோனின் கூடினால் 'போதும், நிறுத்து' என்று அதட்டுகிற ஏற்பிகள் அனுப்பும் அணுவிலேயே இருக்கின்றன. அவை அதட்டி அதட்டி ஓய வாரக்கணக்காகும். நரம்பு இணைப்புகள் புதிதாகத் துளிர்ப்பதும் மெதுவாகத்தான். செரடோனின் குறைந்தால் மனச்சோர்வு என்ற எளிய கணக்கை நம்ப வேண்டாம். 2022இல் லண்டனிலிருந்து வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு அதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. அதைப் படித்துவிட்டு மாத்திரையைச் சாக்கடையில் போட்டவர்களும் உண்டு. பாராசிட்டமால் குறைந்தா தலைவலி வருகிறது?

எங்கள் ஜன்னலுக்கு ஒரு பஸ் கண்டக்டர் வருவார். பேர் வேண்டாம். ஒருநாள் ஓடுகிற வண்டியில் நெஞ்சு படபடத்து, கை வியர்த்து, 'செத்தேன்' என்று டிரைவர் தோளைப் பிடித்துவிட்டார். மூன்று இடத்தில் ஈசிஜி. மூன்றும் சுத்தம். நாலாவதாக ஒரு தாயத்து. அதுவும் சுத்தமாக வேலை செய்யவில்லை. கடைசியில் மனநல டாக்டர் எஸ்சிடலோபிராம் எழுதினார். ஆறாம் நாள் என் ஜன்னலில் வந்து கத்துகிறார்: "சார், இது மாத்திரையா, சுண்ணாம்புக் கட்டியா? படபடப்பும் போகல, வயித்தையும் பிரட்டுது!" உடம்பின் செரடோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது, அதனால் முதல் வாரம் பிரட்டும், போய்விடும் என்றேன். பதறாத காரியம் சிதறாது என்றும் சொன்னேன். "பழமொழிக்கு மாத்திரை இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் மனைவி கெட்டிக்காரி. விசிலையும் மாத்திரை அட்டையையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார். மாத்திரையைப் போட்டால்தான் விசிலை அவிழ்ப்பார். விசில் இல்லாமல் கண்டக்டர் எங்கே போவார்? ஐந்தாம் வாரம் ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வந்தார். "சார், நேத்து ஒரு பாட்டி சில்லறை இல்லைன்னுச்சு. சண்டை போட்டேன் சார்! நல்லா, பழைய மாதிரி சண்டை போட்டேன்!" ஒருவர் சண்டை போட்டதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒருநாள்தான்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். மாதாமாதம் ஒருநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் பெரிய ஊருக்குப் போய்த்தான் மாத்திரை வாங்க வேண்டும். ஒரு மாதம் போனார், இருப்பு இல்லை என்றார்கள். நாலாம் நாள் தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல் பளிச் பளிச்சென்று வெட்டியது. தலைசுற்றல், எரிச்சல். நோய் திரும்பிவிட்டதென்று அழுதார். நோய் இல்லை, சட்டென்று நிறுத்தியதன் விளைவு. டாக்டர் சொல்லும் கணக்கில், படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது விஷயம், பதற்றத்துக்கான மாத்திரை, அதாவது அல்பிரஸோலம் வகை. காபா என்ற ரசாயனம்தான் மூளையின் பிரேக். இந்த மாத்திரை அந்த பிரேக்கை இன்னும் அழுத்தும். அரை மணியில் நிம்மதி வரும், அதனால்தான் ஆபத்து. வாரக்கணக்கில் போட்டால் மூளை அதையே எதிர்பார்க்கும். சீட்டில்லாமல் தரக்கூடாத மருந்து இது. பக்கத்து வீட்டுக்காரர் அட்டையிலிருந்து கிள்ளித் தரவும் கூடாது. பதறிய காரியம்... மீதியை நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவது... செயலாளர் மணியைத் தொட்டுவிட்டார். பேச்சு சிகிச்சைக்கு இன்னொரு கூட்டம் போடுங்கள், வருகிறேன்.

நான் வந்த காரியம் வேறு. 2017 மனநல பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எல்லா நேரமும், இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. 'எல்லா நேரமும்' என்பது என் சொல் இல்லை, சட்டத்தின் சொல். நாங்கள் இன்னும் ஒரு படி கீழே கேட்கிறோம். சர்க்கரை மாத்திரை வாங்கும் நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதையும் கொடுங்கள். நாலு வருடமாக மனு கொடுக்கிறோம். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் என் பழமொழி தெரியும் போலிருக்கிறது, கொஞ்சமும் பதறவில்லை.

இப்போதே யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் 14416, அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், இலவசம். மற்றவர்கள் இறங்கும்போது படிக்கட்டு மேசையில் மனுவைப் பாருங்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டதும் அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.